சூளைக்குள் போன சாவிகள்

எங்கள் காரின் சாவிகள் இரண்டையும் சூளையில் வைத்துச் சுட்டவர் என் அப்பா கலியமூர்த்தி. ட்ராலியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது எங்கள் சூளை ஆள் மாயவன்தான். ஆனால் அவன் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. அவன் வருஷா வருஷம் செய்கிற வேலையைச் செய்தான். புதுசாக ஒன்றைச் செய்தது அப்பா.

விருத்தாசலத்தில் செராமிக் யூனிட் நடத்துகிற எல்லோரும் ஆயுத பூஜை கொண்டாடுவார்கள். எங்கள் யூனிட்டில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. அச்சில் வார்த்துக் காயவைத்த, இன்னும் சுடாத பிள்ளையார் ஒருவரைச் சூளைக்கல் பலகை மேல் உட்கார வைத்துப் பூஜை செய்வோம். அந்தப் பலகைதான் அவருக்குப் பீடம். மறுநாள் விஜயதசமி விடியும்போது அவரைப் பீடத்தோடு தூக்கி ட்ராலியில் முதல் ஆளாக ஏற்ற வேண்டும். அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாம் அவருக்குப் பின்னால்தான். பீடத்திலிருந்து அவரைப் பிரித்துத் தூக்கினால் அந்தச் சூளையில் பாதி சரக்கு வெடித்துப் போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நம்பாத நானும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

அச்சில் வார்த்த பிள்ளையாருக்கு உள்ளே கூடு, அடியில் திறப்பு. பூஜை முடிந்து எல்லோரும் பொரிகடலையோடு கிளம்பிய பிறகு, அப்பா, பூஜைக்காக யூனிட்டிலேயே விட்டுவைத்திருந்த காரின் சாவிகள் இரண்டையும் மஞ்சள் நூலால் சேர்த்துக் கட்டி, பிள்ளையாரை மெதுவாகச் சாய்த்து, அவர் வயிற்றுக்கு நேர் கீழே பலகையில் வைத்து மூடியிருக்கிறார். ராத்திரி முழுக்கச் சாமியிடம் இருக்கட்டும், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். வேண்டுதலை வாய் விட்டுச் சொன்னால் பலிக்காது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் அவர் குளித்து, விபூதி பூசி, என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு யூனிட்டுக்கு வந்து சேர்வதற்குள் சூளை நன்றாகக் கனிந்துவிட்டது.

"பாப்பா, ஒரு சின்ன விஷயம்" என்றார்.

எனக்கு முப்பத்தி நான்கு வயது. அப்பாவுக்கு நான் இன்னும் பாப்பா. அவர் சின்ன விஷயம் என்று ஆரம்பித்தது எதுவும் இதுவரை சின்னதாக இருந்ததில்லை.

"சாவி எங்கப்பா?"

"உள்ள இருக்குது."

"எதுக்குள்ள?"

அவர் சூளையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கதவு இடுக்கில் செக்கச்செவேலென்று தெரிந்தது.

நான் போட்ட சத்தத்தில் மாயவன் ஓடி வந்தான். சூளையை நிறுத்து என்றேன். கதவைத் திற என்றேன். அவன் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "எக்கா, இப்பத் தொறந்தா ஒரு சாமான் உருப்படியா வராது. தொறந்தாலும் இன்னா இருக்கும்? பித்தள உருகிப் போயிருக்கும், பிளாஸ்டிக்கு சாம்பலாக்கூட மிஞ்சியிருக்காதுக்கா" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நியாயத்தைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

என் கோபத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து எனக்கு இரண்டு கால்களும் போயின. இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு, ஊன்றுகோல் வைத்து நடப்பேன். பள்ளிக்கூடம், காலேஜ், யூனிட், கோயில், எங்கே போனாலும் அப்பாதான் கொண்டுபோய் விடுவார், அப்பாதான் வந்து அழைத்துப் போவார். அலுத்துக்கொண்டதே இல்லை. ஆனால் யாரையும் கேட்காமல் ஒரு தடவைகூட நான் வாசலைத் தாண்டியது இல்லை. அதற்காகத்தான் அந்தக் கார். சென்னையில் ஓர் ஒர்க் ஷாப்பில் அதைக் கையாலேயே ஓட்டுகிற மாதிரி மாற்றித் தந்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு லிவர். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கிளட்ச்சுக்கு கியர்க் கைப்பிடியிலேயே ஒரு சுவிட்ச்.

லைசென்ஸ் வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. இந்த மாதிரி வண்டியை நாங்கள் பார்த்ததில்லை என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். கூட யாராவது எப்போதும் வருவார்களா என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் ஓர் இன்ஸ்பெக்டர் பெரிய மனசு பண்ணி, வெள்ளிக்கிழமை காலை உங்கள் வண்டியிலேயே ஓட்டிக் காட்டுங்கள் என்றார். சனிக்கிழமையோடு என் எல்.எல்.ஆர்., அதாவது பழகுகிறவர்களுக்கான லைசென்ஸ், முடிகிறது. அந்த இன்ஸ்பெக்டரும் மாற்றலாகிப் போகிறார். சாவி சூளைக்குள் போனது வியாழக்கிழமை.

ஷோரூமுக்கு போன் போட்டேன். பண்டிகை நாளிலும் ஒருவர் எடுத்தார். சாவி கம்பெனியிலிருந்து வரவேண்டும், மூன்று வாரமாவது ஆகும், வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள் என்றார். சாவியை எப்படித் தொலைத்தீர்கள் என்று கேட்டார். பிள்ளையார் வயிற்றுக்குள் வைத்துச் சுட்டுவிட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

பிறகு சென்னை ஒர்க் ஷாப்காரரைப் பிடித்தேன். அவர்தான் விளக்கினார். பஸ் ஸ்டாண்டில் வெட்டுகிற சாவியால் கதவைத் திறக்கலாம், வண்டி ஓடாது. இந்தக் காலத்துச் சாவியின் தலைக்குள் அரிசி அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அதை அடையாளம் கண்டுகொண்டால்தான் வண்டி ஓட விடும். புதுச் சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்தி வைக்க ஓர் ஆள் வேண்டும். "பாண்டில சக்கரபாணின்னு ஒருத்தர் இருக்காருங்க. வண்டி எங்க நிக்குதோ அங்கயே வந்து செஞ்சி குடுப்பார். கொஞ்சம் பேசுவார். பொறுத்துக்குங்க."

கொஞ்சம் என்பது தவறான தகவல். சக்கரபாணி பெரிய உடம்புக்காரர், தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு கனத்த பைகள், சட்டைப் பையில் இரண்டு செல்போன். மத்தியானம் யூனிட் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"பாண்டிலேருந்து நின்னுக்கினே வரேன். என் வண்டி மெக்கானிக் ஷெட்டுல கெடக்குது, ஊருக்கெல்லாம் வண்டி ஓட வச்சிட்டு நான் பஸ்ஸுல தொங்குறேன். நேத்து ராத்திரி பூரா கடலூர்ல ஒரு வேல, கண்ண மூடல. வூட்டுல இன்னிக்கி மூஞ்சி குடுத்துப் பேசல. இருக்கட்டும். சாவி எங்க தொலைஞ்சிது?"

அப்பா சூளையைக் காட்டினார். முழுக் கதையையும் அவரே சொன்னார், பாவம். சக்கரபாணி வயிறு குலுங்கச் சிரித்தார். "கெணத்துல போட்டவன் இருக்கான், மாடு முழுங்கிச்சின்னு வந்தவன் இருக்கான். துபாய்ல ஆறு வருஷம் இந்த வேல பாத்தேன், ஒட்டகம் மிதிச்ச சாவியெல்லாம் பாத்துருக்கேன். சாமிக்கு வேகவச்சிப் படைச்சது நீங்கதான் ஐயா!" எனக்கும் சிரிப்பு வந்தது. கோபத்தில் இருந்ததால் திரும்பிக்கொண்டேன்.

பிறகு திடீரென்று குரல் மாறியது. "வண்டி யார் பேருல இருக்குது? ஆர்.சி. புக்கு, அடையாள அட்டை பாக்காம நான் கை வைக்க மாட்டேன்."

"எம் பொண்ணு பேருல" என்றார் அப்பா. நான் எடுத்து நீட்டினேன். பூங்கோதை என்ற பெயரைப் படித்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊன்றுகோலையும் பார்த்தார். "சரிங்க மேடம், சொல்லுங்க. எப்ப வேணும் வண்டி?" என்றார். அதன் பிறகு எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டார். யாரு ஓட்டப்போறது என்று மட்டும் கேட்கவில்லை. கடைக்காரர், டாக்டர், பேங்க் மேனேஜர் என்று எல்லோரும் என்னைப் பற்றி அப்பாவிடம் கேட்டே எனக்குப் பழக்கம். அன்று அப்பா டீ வாங்கப் போனார்.

கதவுப் பூட்டுக்குள் மெல்லிய கம்பியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி ஏதோ குறித்துக்கொண்டார் சக்கரபாணி. அதை வைத்துப் பையிலிருந்த சின்ன மெஷினில் சாவி வெட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இரண்டாயிரத்து எட்டில் எங்கள் ஊரில் கரண்ட் வந்தால்தான் செய்தி. சூளையின் காற்றாடிக்கு ஓடுகிற ஜெனரேட்டரிலிருந்து மாயவன் ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தான். இரண்டு சாவிகள் பளபளவென்று வெட்டி முடித்தார். ஒன்று கதவைத் திறந்தது. இன்னொன்றால் இன்ஜினும் உறுமியது. நான் கை தட்டப் போனேன். உடனே அணைந்தது.

"அவ்ளோதான் மேடம். யாரோ அந்நியன் வந்துட்டான்னு வண்டி நெனைக்குது. இனிமேதான் அசல் வேலையே." லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தார். அவ்வளவு பெரிய உடம்பு அங்கே எப்படி அடங்கியது என்பது இன்றுவரை புரியவில்லை. அப்புறம் ஸ்பேனர் எடுக்கிற ஓசை கேட்டது.

"என்ன பண்றீங்க?"

"லிவரக் கழட்டணும். இந்தக் கம்ப்யூட்டர் ஒயர சொருவுற சாக்கெட்டு அதுக்குப் பின்னாடி மாட்டிக்கினு இருக்குது."

"அதத் தொடாதீங்க!"

நான் கத்திய கத்தலில் அவர் நிமிர்ந்து தலையில் இடித்துக்கொண்டார். என் கைக்கு அளவு பார்த்து அந்த லிவரைப் பொருத்த நான் மூன்று தடவை சென்னை போய் வந்தேன். ஒரு விரல்கடை நகர்ந்தாலும் பிரேக் முழுசாக அழுந்தாது. நாளைக்கு ஓட்டிக் காட்ட வேண்டிய வண்டியில் அதைக் கழற்றுவதற்குப் பதில் மொபெட்டிலேயே என் காலத்தை ஓட்டிவிடலாம். இதையெல்லாம் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். கூடவே அழுதும் விட்டேன். அழுவது எனக்குப் பிடிக்காது. அன்று அடக்க முடியவில்லை.

அவர் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். தலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "போல்ட்டு மேலெல்லாம் செவப்பா கோடு கோடா போட்டுருக்குதே, அது யாரு வச்ச குறி?"

"நான்தான். நெயில் பாலிஷ். போல்ட்டு தளந்து நகந்துச்சின்னா கோடு வெலகும். தினமும் பாப்பேன்."

"கழட்டி மறுபடி மாட்டுனா கோடும் கோடும் சேரணும். சேரலன்னா நான் பாண்டிக்குப் போவல, இங்கயே கெடக்குறேன். நீங்களே ஒக்காந்து பாத்து, சரின்னு சொன்னாத்தான் நான் எழுந்திருப்பேன். இன்னா சொல்றீங்க?"

நான் ஊன்றுகோலை மாயவனிடம் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

டீயோடு வந்த அப்பா, "நான் ஒக்காரட்டுமா?" என்றார். "சாவி போட்டு எடுக்க ஓனர் இருந்தாப் போதும் ஐயா" என்றது கீழேயிருந்து குரல்.

லிவர் கழன்று என் மடிக்கு வந்தது. கைக்குழந்தையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். அவர் "போடுங்க" என்றால் சாவியைத் திருப்பினேன், "எடுங்க" என்றால் எடுத்தேன். முதல் தடவை லேப்டாப் ஏதோ சிவப்பாகக் காட்டியது. இரண்டாம் தடவையும் அப்படியே. சக்கரபாணிக்கு வியர்த்துக் கொட்டியது. துபாய்ப் பெருமையெல்லாம் எங்கே போனதோ, போனில் யாரிடமோ "இன்னாடா பண்றது, ஏத்துக்க மாட்டேங்குது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால், வாரக்கணக்கில் சரியாக ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கிப் போயிருக்கிறது. பக்கத்து யூனிட் லாரியின் பேட்டரியை மாயவனும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அப்பாவின் வெள்ளை வேட்டி முழுக்கக் கறுப்பு. என் கோபம் பாதி அப்போதே போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கியே வைத்திருந்தேன்.

"போடுங்க" என்றார் மறுபடி. திருப்பினேன். டாஷ்போர்டில் மினுக்கிக்கொண்டே இருந்த சாவிப் படம் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று, அப்புறம் அணைந்தது. "அடிச்சிப் பாருங்க." இன்ஜின் பிடித்தது. நாங்கள் எல்லோரும் அது அணைவதற்காகக் காத்திருந்தோம். அணையவில்லை. மாயவன் விசில் அடித்தான். அப்பா சூளைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது சாவியையும் முடித்து, லிவரை மாட்டி, கோட்டோடு கோட்டைச் சேர்த்தார் சக்கரபாணி. ஒரு போல்ட்டில் மயிரிழை விலகியிருந்தது. சொன்னேன். முணுமுணுக்காமல் தளர்த்தி மறுபடி இறுக்கினார். சாவிகளை என் கையில் ஒவ்வொன்றாக வைத்தார். "ஒண்ணு ஒங்ககிட்ட. ஒண்ணு வேற எடத்துல. ரெண்டையும் சேத்துக் கட்டுனீங்கன்னா அடுத்த வாட்டி நான் வரமாட்டேன், பிள்ளையாரையே கூப்டுக்குங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். கேட்டதை வாங்கிக்கொண்டார். பைகளைத் தூக்கினார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கெடைக்குமா மேடம்?"

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியாது. "எல்.எல்.ஆர். தான். பக்கத்துல லைசென்ஸ் இருக்கிறவங்க ஒக்காரணும்."

"பதினெட்டு வருஷமா இருக்குது" என்று சொல்லி முன் சீட்டில் ஏறிவிட்டார்.

"நானும் வரேன்" என்று அப்பா ஓடி வந்தார். கூட வந்தால் அவர் எப்படி வருவார் என்று சொல்ல வேண்டும். பழகின நாளெல்லாம் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். இடது கையால் கதவைப் பிடித்துக்கொள்வார், வலது கை ஹேண்ட் பிரேக் மேலேயே இருக்கும். ஒரு கோழி குறுக்கே வந்தாலும் அந்தக் கை இறுகும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் என்னால் ஓட்ட முடியாது என்று எனக்கே தோன்றிவிடும். "சூளைய யாரு பாத்துக்கிறது? நீங்க இருங்கப்பா" என்றேன். அவர் கேட்டருகே நின்றுவிட்டார்.

லிவரை இழுத்தேன். வண்டி தொழிற்பேட்டை ரோட்டில் ஏறியது. சக்கரபாணி, தன் அக்கா பையனை இன்று விஜயதசமிக்கு ஸ்கூலில் சேர்க்கப் போக முடியவில்லை என்று ஏதோ ஆரம்பித்தார். நான் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினேன், ஒரு சைக்கிளைத் தாண்டினேன். பேச்சு நின்றிருந்தது. பயந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, தலை கண்ணாடி மேல் சாய்ந்து, இரண்டு கையும் பையின் மேல் தளர்ந்து கிடக்க, நிஜமான தூக்கம். குறட்டைகூட வந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனுஷன் தூங்குகிறார். நான் ஓட்டுகிற வண்டியில், தன் உயிரைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல். இதுவரை எனக்கு உதவி செய்தவர்களை எண்ண முடியாது. கதவைத் திறந்து பிடித்தார்கள், படியேற்றிவிட்டார்கள், வரிசையில் முன்னால் விட்டார்கள். அத்தனை பேரும் என் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே செய்தார்கள். இவர் ஒருவர்தான் கண்ணை மூடினார்.

பஸ் ஸ்டாண்ட் வந்தது. நான் நிறுத்தவில்லை. கடைவீதி வழியாகப் போய், பழமலைநாதர் கோயிலைச் சுற்றி, ஜங்ஷன் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். பண்டிகைக் கூட்டத்தில் வாழைக்கன்று கட்டின லாரிகளும் ஆட்டோக்களும் முட்டிக்கொண்டு நின்றன. ஹாரன் அடிக்கவே இல்லை, தூக்கம் கலைந்துவிடும் என்று. பிரேக்கை அவ்வளவு மெதுவாக நான் அதற்கு முன் அழுத்தியதில்லை. ஜங்ஷனில் திருப்பி மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிறுத்தின பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"வந்துடுச்சா? இவ்ளோ கிட்டயா?"

"கிட்டதான்" என்றேன். "ரொம்ப நன்றிங்க."

"சாவிக்குத்தான் வாங்கிட்டேனே" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். எதற்கு நன்றி சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. தனியாக ஓட்டக் கூடாது என்பதால், வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் மொபெட்டில் வந்து, அதை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறினார். நடந்ததைச் சொன்னேன். சக்கரபாணி தூங்கியதையும் சொன்னேன். அப்பா ஹேண்ட் பிரேக் மேலிருந்த தன் கையைப் பார்த்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் ஏறியதும் அவர் கையும் நேராக ஹேண்ட் பிரேக்குக்குத்தான் போனது. அந்த சீட்டில் முந்தின சாயங்காலம் கேட்ட குறட்டையை நினைத்துக்கொண்டேன். லிவரை இழுத்தேன். எட்டு போட்டேன், பின்னால் எடுத்தேன், மேட்டில் நிறுத்திக் கிளப்பினேன். நடுவிலேயே அவர் கை எப்போதோ மடிக்கு வந்துவிட்டது. இறங்கும்போது, "நல்லா ஓட்டுறீங்கம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மரத்தடியில் நின்றிருந்த அப்பா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்தார். "இனிமே நீயே போயிடுவ" என்றார். அதில் சந்தோஷம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முப்பது வருஷம் என்னைச் சுமந்த மனுஷன். சாவியைப் பிள்ளையார் வயிற்றுக்குள் வைத்து வேண்டிக்கொண்டது, நான் தனியாகப் போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிச்சமிருந்த கோபமும் போய்விட்டது.

"ஏறுங்கப்பா, வூட்டுக்குப் போவலாம்."

முன் சீட்டில் ஏறினார். நான் கிளப்பியதும் அவர் வலது கை பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது. அதை மடக்கி, இன்னொரு கையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார். தலையைப் பின்னால் சாய்த்தார். கண்களை மூடினார்.

அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இமை துடித்துக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் உதடு இறுகியது. ஆனால் வீடு வந்து சேரும் வரைக்கும் என் அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. நானும் அவரை எழுப்பிவிடக் கூடாது என்று, மெதுவாகத்தான் ஓட்டினேன்.